முன்னாடி இருக்கிறதை எடு

எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். இதை முதல்லயே சொல்லி வச்சுடறேன். போகப் போக நான் சொல்றதைக் கேட்டா உங்களுக்கு அப்படித் தோணாது, அதுக்காக.

அவர் கண்ணாடிக் கடை வச்சிருக்கார். கண்ணு பாக்கறதும் அவர்தான். இருட்டு ரூம்ல ஆளை உட்கார வச்சு, மூக்கு மேல ஒரு கனமான ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, "முதல்லதா, ரெண்டாவதா? இப்ப நல்லா தெரியுதா, இல்ல முன்ன நல்லா தெரிஞ்சுதா?"ன்னு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கேப்பார். அவர் கேக்கணும், வந்தவங்க சொல்லணும். சொந்தமா எதையும் முடிவு பண்ண வேண்டாத தொழிலாப் பாத்துத் தேடிப் புடிச்சு உட்கார்ந்திருக்கார் மனுஷன்.

அதைக் கடையோட விட்டுட்டு வந்தா பரவாயில்ல. வீட்டுக்கும் கூட்டிக்கிட்டு வருவார். "டீ போடவா, காபி போடவா? பெரிய லைட்டா, சின்ன லைட்டா? ஜன்னல் திறந்திருக்கட்டுமா, மூடிடவா? முட்டையை வேக வைக்கவா, உடைச்சு ஊத்தவா?" நான் ஒரு நாளாவது தப்பிக்கலாம்னு "உங்களுக்கு எது வேணும்?"னு திருப்பிக் கேட்டா, ஒரே பதில்தான். "எனக்கு எதுன்னாலும் சரிம்மா." அதைக் கேட்டதும் எனக்கு ஜிவ்வுன்னு தலைக்கு ஏறும். எதுன்னாலும் சரின்னா எதுக்குய்யா என்னைக் கேக்கறே? ஆனா எப்படித் திட்டறது? அன்பாத்தானே கேக்கறார்! அடிச்சாலாவது போலீஸுக்குப் போகலாம். அன்பா கேட்டே உயிரை வாங்கற புருஷன் மேல எந்த ஸ்டேஷன்ல புகார் எடுப்பான்?

என் வேலை அவரோடதுக்கு நேர் எதிர். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில உட்கார்ந்திருக்கேன். போன் வரும். எதிர்ல ஒருத்தர் அழுவார், இல்ல கத்துவார், இல்லன்னா பேச்சே வராது. நான் கேள்வி கேட்டு விஷயத்தை வாங்கி, ஸ்கிரீன்ல ஊர்ந்துக்கிட்டிருக்கிற புள்ளிகள்ல ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து அனுப்பணும். எந்த வண்டி, எந்த வழி, எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் நான்தான். "எதுன்னாலும் சரி"ன்னு அங்க ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்த நாற்காலி எனக்கு உயிர். வெளிப்படையாவே சொல்றேன், அந்த ஹெட்ஃபோனை மாட்டினாத்தான் நான் ஒரு ஆளுன்னே எனக்குத் தோணும்.

அந்த நாற்காலிக்குத்தான் போன மாசம் ஆபத்து வந்தது. ஷிஃப்ட் முடியற நேரம். மாடிப்படியில உருண்டு விழுந்த ஒருத்தருக்காக போன். கேள்வியெல்லாம் ஒழுங்காத்தான் கேட்டேன். ஸ்கிரீனைப் பாத்தா ரெண்டு வண்டி, வடக்குல ஒண்ணு, தெற்குல ஒண்ணு, சொல்லி வச்ச மாதிரி ஒரே தூரம். எதை அனுப்பினாலும் சரிதான். அவ்வளவுதான், எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பேய் முழி முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். காதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் குரல் வேற, "முதல்லதா, ரெண்டாவதா?"ன்னு. பக்கத்து சீட்டுக்காரி எட்டி என் பட்டனை அமுக்கினா. விழுந்தவருக்குக் கால்தான் உடைஞ்சிருந்தது, பிழைச்சுக்கிட்டார். ஆனா நான் உறைஞ்சு போய் உட்கார்ந்தது அத்தனையும் பதிவாகியிருந்தது.

எங்க சூப்பர்வைசருக்கு நாங்க வச்ச பேர் உம்மணாமூஞ்சி. சிரிச்சா சம்பளத்துல பிடிச்சுடுவாங்கன்னு நினைக்கிற மாதிரியே இருப்பார். கூப்பிட்டு உட்கார வச்சார். "அடுத்த மாசம் ஒரு நாள் உன் பக்கத்துல உட்கார்ந்து கேப்பேன். அன்னிக்கும் இதே மாதிரி ஆச்சுன்னா, ஸ்டோர் ரூம்ல போர்வை எண்ணப் போயிடு"ன்னார். அவ்வளவுதான் பேச்சு. நான் பாத்ரூம்ல போய் அழுதேன். போர்வை எண்றதுக்கா நான் பொறந்தேன்?

அன்னிக்கு வீட்டுக்குப் போற பஸ்ல உட்கார்ந்து யோசிச்சேன். காலையிலேருந்து நான் என்னென்ன முடிவு பண்ணியிருக்கேன்? எந்தச் சட்டை, எந்தச் செருப்பு, முட்டை எப்படி, டிஃபன் பாக்ஸ்ல என்ன, குடை வேணுமா வேண்டாமா, கதவைப் பூட்டறது நீயா நானா. நாற்காலியில போய் உட்காரறதுக்குள்ளயே என் மண்டையில இருந்த சரக்கைப் பாதி எங்க வீட்டுக்காரர் உறிஞ்சு குடிச்சாச்சு. மீதியை நாள் பூரா போன் பண்ணினவங்க எடுத்துக்கிட்டாங்க. கடைசியா மாடிப்படியில விழுந்த மனுஷனுக்குக் கொடுக்க ஒண்ணும் மிஞ்சலை.

எங்க வண்டிகள்ல மருந்து அடுக்கற அலமாரிக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னாடி இருக்கிறதை எடு, புதுசைப் பின்னாடி வை. அவசரத்துல கையை நீட்டறவன் யோசிக்கவே கூடாது, அதுக்காக. அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுக்க வேண்டிய சாப்பாட்டைச் சமைச்சு டப்பா டப்பாவா ஃபிரிட்ஜ்ல வரிசையா வச்சேன். சட்டைகளை வரிசையா மாட்டினேன். செருப்பு ஒரே ஜோடி, மத்ததைப் பரண்ல தூக்கிப் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை டீ, மத்த நாளெல்லாம் காபி. முட்டை வெந்துதான் இருக்கணும். சண்டைக்குக்கூட நாள் குறிச்சேன்: சனிக்கிழமை காலையில. நடுவுல கோபம் வந்தா சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கணும்.

வீட்டுக்காரர் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "டப்பா மூடி நீலமா இருக்கட்டுமா, பச்சையா?"ன்னார். நான் முறைச்சேன். "சரி, எதுன்னாலும் சரி"ன்னு போயிட்டார்.

பிரச்சினை அவர்கிட்டேருந்து வரலை. அத்தைகிட்டேருந்துதான் வந்தது. எங்க மாமியார் வாழ்நாள் பூரா துணிக்கடையில நின்னவங்க. கைக்குட்டை வாங்க வந்தவங்களுக்கே அலமாரி மொத்தத்தையும் இறக்கிப் பரப்பிக் காட்டுவாங்களாம். புள்ளைக்கு அந்த வியாதி எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுதா?

"ஏம்மா, மனுஷன் வாழறதே நாலைப் பாத்து ஒண்ணை எடுக்கறதுக்குத்தான். வரிசையில நின்னு வாங்கறதுக்கு இதென்ன ஜெயிலா?"ன்னாங்க.

"ஜெயில்தான் அத்தை. உள்ள நிம்மதியா இருக்கு, நீங்களும் வாங்க"ன்னேன்.

நிஜமாவே நிம்மதியாத்தான் இருந்தது. காலையில கண்ணைத் திறந்து, கையை நீட்டி, எடுத்து, மாட்டிக்கிட்டு, சாப்பிட்டு, கிளம்பிட்டேன். ஷிஃப்ட் முடியறப்பவும் தலையில கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாப்ல சும்மா நின்னு சிரிச்சிருக்கேன், பக்கத்துல நின்ன அம்மா ஒரு அடி தள்ளிப் போயிட்டாங்க. அதே சூட்டுல வேலைக்கும் சில சட்டம் போட்டுக்கிட்டேன். ரெண்டு வண்டி சமமா வந்தா ஸ்கிரீன்ல மேல இருக்கிறதை அனுப்பு. ஞாயித்துக்கிழமையே முடிவு பண்ணியாச்சு, அந்த நிமிஷத்துல புதுசா யோசிக்க ஒண்ணும் இல்ல.

ஒரு வாரம் கழிச்சு பக்கத்து சீட்டுக்காரி மெதுவா கேட்டா. "ஏய், உன்கிட்ட வேற சட்டையே இல்லையா? இந்த மஞ்சள் கட்டத்தைப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு வலிக்குது." குனிஞ்சு பாத்தேன். மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. நேத்தும் அதான். முந்தாநாளும் அதான். துவைக்கறது அத்தை. துவைச்சதைக் கொண்டு போய் வரிசையில முன்னாடியே மாட்டியிருக்காங்க. நானும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எடுத்து எடுத்துப் போட்டிருக்கேன்.

வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"உனக்குப் பிடிச்சிருக்கு போலன்னு விட்டுட்டேன்மா."

சனிக்கிழமைக்குக் குறிச்சு வச்சேன்.

உம்மணாமூஞ்சி என் பக்கத்துல உட்காரப் போற நாளும் வந்தது. காலையில எழுந்து, முன்னாடி இருந்ததைப் போட்டுக்கிட்டு, ஃபிரிட்ஜ்ல முன்னாடி இருந்த டப்பாவைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, எந்த யோசனையும் இல்லாம பஸ் ஏறினேன். அவர் தனி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுப் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். முதல் கொஞ்ச நேரம் போன்கள் ஒழுங்கா போச்சு. நடுவுல ஒரு வாய் சாப்பிடலாம்னு டப்பாவைத் திறந்தேன். உள்ள வட்ட வட்டமா லென்ஸ். வரிசை வரிசையா கண்ணாடிச் சில்லு. அத்தைக்குக் கொஞ்ச நாளா பார்வை மங்கலா இருக்குன்னு, மத்தியானம் வீட்டுக்கு வந்து பாக்கறதுக்காக எங்க வீட்டுக்காரர் கொண்டு வந்து வச்ச பெட்டி. அதைப் போய் எதுக்கு ஃபிரிட்ஜ்ல வைக்கணும்? "மேஜை மேல வைக்கவா, ஃபிரிட்ஜ் மேல வைக்கவா?"ன்னு ராத்திரி என்னைக் கேட்டதும், நான் பாதித் தூக்கத்துல "ஃபிரிட்ஜ்"னு சொன்னதும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மேலன்னு நான் சொல்லலை. அதனால உள்ள வச்சிருக்கார்.

உம்மணாமூஞ்சி டப்பாவைப் பாத்தார். என்னைப் பாத்தார்.

என் செல்போன் அதிர்ந்தது. வீட்டுக்காரர். "லென்ஸ் பெட்டி உன்கிட்டயாம்மா இருக்கு? நான் வந்து வாங்கிக்கவா, யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பறியா, இல்ல அம்மாவைக் கடைக்கே வரச் சொல்லிடவா?"

"எதையாவது பண்ணித் தொலைங்க!"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு போனை வச்சேன். அவர் அத்தையைக் கேட்டிருக்கார். அத்தை, சேர்ந்தாப்ல கடையில புது ஃபிரேமும் பாத்துடலாம்னு கிளம்பிட்டாங்க. வெயில்ல நடந்தே போயிருக்காங்க. இதெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது.

வெயில் ஏறின நேரத்துல அந்த போன் வந்தது. "ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. எங்கேருந்து பேசறீங்க?"ன்னேன்.

"அம்மா... கடையில... அம்மா உட்கார்ந்தபடியே சாஞ்சுட்டாங்க."

அந்தக் குரல் தினமும் என்னை டீயா காபியான்னு கேக்கற குரல். உம்மணாமூஞ்சி என் முகத்தைப் பாத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சீட்டை மாத்திக் கொடுன்னு சொல்வாரோன்னு பாத்தேன், சொல்லலை. நானும் எழுந்திருக்கலை.

"நான்தாங்க பேசறேன். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அத்தைக்கு நினைவு இருக்கா?"

"இருக்கு... இல்ல, கண்ணை மூடிக்கறாங்க, அப்புறம் திறக்கறாங்க."

"இருக்கு. பேசறாங்களா?"

"உன்னைத் திட்டறாங்க."

"நல்லது. நெஞ்சு வலிக்குதாமா?"

"அழுத்தற மாதிரி இருக்காம். கை வரைக்கும் போகுதாம்."

"வேர்க்குதா?"

"வேர்க்குது. ஆனா வெயில்ல நடந்து வந்ததாலயா, இல்ல..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

ஸ்கிரீன்ல ரெண்டு புள்ளி. சத்தியமா சொல்றேன், ரெண்டும் ஒரே தூரம். என்னைச் சோதிக்கறதுக்குன்னே யாரோ இழுத்து வச்ச மாதிரி. என் விரல் நிக்கலை. மேல இருந்ததை அமுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை நான் எடுத்த முடிவு, தயாரா இருந்தது. அத்தையைச் சுவத்துல சாய்ச்சு உட்கார வைங்க, நடக்க விடாதீங்க, குடிக்க ஒண்ணும் கொடுக்காதீங்கன்னு அவருக்குச் சொன்னேன்.

அதுக்குள்ள வண்டி டிரைவர் லைன்ல வந்தார். "அந்தத் தெருவுல எங்கயோ குழாய்க்குத் தோண்டியிருக்காங்கன்னு கேள்வி. முன்பக்கம் வரவா, பின்சந்துல வரவா? தப்பாத் திரும்பினா சுத்திக்கிட்டுத்தான் வரணும்."

முன்பக்கம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. முன்னாடி இருக்கிறதை எடு. ஒரு மாசமா அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்! நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். இது சட்டை இல்லடி, பெரிய மனுஷி உயிரு.

"என்னங்க, வண்டி எந்தப் பக்கம் வரணும்? முன்பக்கமா, பின்சந்தா?"

"முன்பக்கம் தோண்டிப் போட்டிருக்காங்கம்மா. பலகை போட்டிருக்காங்க, ஆளுங்க நடக்கறாங்க. வண்டி வருமான்னு தெரியலை. பின்னாடி சந்து ஒடுக்கம், ஸ்கூட்டர் வேற நிக்குது. ரெண்டுமே... நீயே ஒண்ணு சொல்லேன். எனக்கு எது..."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க!"ன்னு கத்தினேன். அறை மொத்தமும் திரும்பிப் பாத்தது. "எனக்கு இங்கேருந்து ஒண்ணும் தெரியாது. அங்க கண்ணு இருக்கிறது உங்களுக்கு. சொல்லுங்க. முதல்லதா, ரெண்டாவதா?"

மூச்சு மட்டும் கேட்டுது. எத்தனை ஆயிரம் பேரை அவர் கேட்ட கேள்வி அது! அவரை யாருமே கேட்டதில்ல.

"ரெண்டாவது"ன்னார். "பின்சந்துல வரச் சொல்லு. ஸ்கூட்டரை நான் தூக்கிப் போட்டுடறேன்."

அப்படி ஒரு குரல் அவருக்கு இருக்குன்னு எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து தெரியாது. டிரைவருக்குச் சொன்னேன். ஸ்கிரீன்ல புள்ளி சந்துக்குள்ள திரும்பி நின்னுது. வண்டியில போன ஆள் அவர்கிட்டேருந்து போனை வாங்கி, "ஆளைப் பாத்துட்டோம்"னு சொன்னதும் லைன் போச்சு.

உடனே அடுத்த போன். யாரோ ஒருத்தரை நாய் கடிச்சிருந்தது. அதையும் எடுத்துப் பேசி, வண்டி அனுப்பி முடிச்சேன்.

உம்மணாமூஞ்சி ஹெட்ஃபோனைக் கழட்டினார். "எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ."

"சோதனை?"

"முடிஞ்சது."

"பாஸா, ஃபெயிலா?"

"இதையும் நானே சொல்லணுமா?"ன்னார். அப்புறம் மேஜையில இருந்த லென்ஸ் பெட்டியை மூடி என் கையில கொடுத்தார். "நாளைக்கு இதே நாற்காலிக்கு வா. சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வா." உதடு லேசா கோணினது. சிரிப்பா இருந்தாலும் இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தப்ப அத்தையை உள்ள கொண்டு போயிருந்தாங்க. வெளிய பெஞ்சுல எங்க வீட்டுக்காரர். சட்டையெல்லாம் ஸ்கூட்டர் எண்ணெய். பக்கத்துல போய் உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன். நான் காலையில அந்தப் பெட்டியைத் தூக்கிட்டுப் போகலைன்னா அத்தை வீட்டுல தனியா இருந்திருப்பாங்க. அதை நினைச்சாலே எனக்கு இப்பவும் உள்ளுக்குள்ள உதறும். அவர்கிட்டயும் சொன்னேன்.

சாயங்காலம் பாக்க விட்டாங்க. அத்தை படுத்திருந்தாங்க, முகம் வெளிறி, கையில ஊசி, நெஞ்சுல ஒயர். என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. நான் போட்டிருந்தது மஞ்சள் கட்டம்.

"அதை நான்தான் வேணும்னே முன்னாடி மாட்டினேன்"ன்னாங்க.

"எதுக்கு அத்தை?"

"அதுல நீ நல்லா இருக்கே. நீயா எடுத்தா அந்தச் சாம்பல் கலரையே எடுப்பே."

"சனிக்கிழமை வச்சுக்கறேன் உங்களை"ன்னேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சா வலிக்குதுன்னு என்னையே திட்டினாங்க.

அப்ப எங்க வீட்டுக்காரர் ரெண்டு கப்போட உள்ள வந்தார். வழக்கமா வாசல்லயே நின்னு கேள்வியை ஆரம்பிப்பார். ஒண்ணும் கேக்கலை. ஒரு கப்பை என் கையில வச்சுட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

அத்தை அவரைப் பாத்தாங்க. "நெஞ்சுல என்னவோ குழாய் விட்டு அடைப்பை எடுத்தாங்களாமே. உடனே பண்ணலாமா, காத்திருந்து பாக்கலாமான்னு டாக்டர் கேட்டாராமே. நர்ஸ் சொல்லுச்சு."

"ஆமாம்மா. உடனே பண்ணுங்கன்னு கையெழுத்துப் போட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

அவர் கப்பைக் கீழ வச்சார்.

"யாரையும் கேக்கலைம்மா"ன்னார்.